குப்பைமேனி வகுப்பு

எனக்குக் கோபம் வந்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆறு வருடமாகியும் ஆறவில்லை.

சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில், விருப்பமுள்ள பேராசிரியர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய் இலவசமாகப் பாடம் நடத்தலாம் என்றார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். தாவரவியலில் முனைவர் பட்டம்! கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செடிகொடிகளை அறிமுகப்படுத்தப் போகிறேன் என்று கால் தரையில் பாவவில்லை. (என் ஆராய்ச்சி முழுக்கச் சோதனைக்குழாயில் வளர்ந்த செடிகளோடுதான். வெயிலில் வளரும் செடிகளோடு அவ்வளவாகப் பழக்கமில்லை. இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. ஏழாம் வகுப்பை வேலியோரம் கூட்டிப்போய் நிறுத்தினேன். ஆய்வகப் பழக்கத்தில் கையுறை வேறு மாட்டியிருந்தேன். ஒரு கொத்து இலையைப் பறித்துத் தூக்கிக் காட்டினேன்.

"இதுதான் குப்பைமேனி. தோல் அரிப்புக்குக் கைகண்ட மருந்து."

"மிஸ், அது வந்து..." என்றாள் முன்னால் நின்ற செல்வி.

"பேசணும்னா கையைத் தூக்கணும். நான் முடிச்சப்புறம்தான் கேக்கணும்."

கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் இலையைக் கசக்கி, இப்படித்தான் தேய்க்க வேண்டும் என்று முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்தித் தேய்த்துக் காட்டினேன்.

அது காஞ்சொறி. பட்டாலே தடித்து எரியும் செடி. கை பற்றிக்கொண்டது. "ஐயோ" என்று அதே கையுறையால் சொறிந்தேன். சொறிந்த கையால் கழுத்தையும் தொட்டேன். (முனைவர் பட்டம்!)

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"நீங்க இன்னும் முடிக்கல மிஸ்" என்றாள் செல்வி, தூக்கிய கையை இறக்காமல்.

இது நியாயமா? ஒரு வகுப்புப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒருத்தருக்காவது ஒழுக்கத்தை மீறத் தோன்ற வேண்டாமா?

தலைமையாசிரியை ஓடி வந்தார். "என்னா மேடம், காஞ்சொறியப் போயி தேச்சிக்கிட்டீங்க? சின்னப் புள்ளைங்ககூட அதுகிட்ட போவாதே!" ஆறுதல் சொல்கிற அழகைப் பாருங்கள்.

அதற்குள் செல்வி குழாயடியிலிருந்து வேறு இலை பறித்து, சத்துணவுக்கூடத்தில் மஞ்சள் வாங்கி, இரண்டையும் கசக்கி என் கையில் பூசினாள்.

"இதான் மிஸ் குப்பைமேனி. வேரப் புடுங்குனா பூனைங்க வந்து பொரளும். நீங்க காமிச்சதுல முடி மாதிரி குத்துற சொணை இருக்கும், பாருங்க."

பிள்ளைகள் சுற்றி நின்று கவனித்தார்கள். ஒரு பையன் நோட்டில் குறிப்புகூட எடுத்தான், என்னிடம் எடுக்காத குறிப்பு!

மறுவருடம் அந்தப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குக் கடிதம் வந்தது. கணக்குக்கு ஆள் அனுப்பினால் போதுமாம்.

கடலூரில் எங்கள் வீட்டுக்குக் கீரைக்காரம்மா வரும்போதெல்லாம் என் கணவர் எனக்கு முன்னால் வாசலுக்கு ஓடுகிறார். "எது எதுன்னு நீங்களே சொல்லிக் குடுத்துடுங்கம்மா. இவுங்க பாட்டனி புரொஃபசர்."

அந்தம்மாவும் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கட்டாகத் தூக்கிக் காட்டி, நிதானமாகப் பெயர் சொல்கிறார்.