எல்லாம் பிரித்துக் கொடுத்தாயிற்று

வேலை செய்யாதவர்களை நீங்கள் அறிவீர்கள். பிறரைச் செய்யவிடாதவர்களையும் அறிவீர்கள். இவர் மூன்றாம் இனம்: வேலையைப் பிரித்துக் கொடுப்பவர். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக்குக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் பிளாக்கில் அவர் பெயர் அருண்பிரசாத்.

குடியிருப்போர் சங்கத்தின் கல்யாண மண்டப முன்பதிவுத் தளம் அவர் பொறுப்பு. கூட்டம் ஒரேயடியாக வந்தால் தளம் படுத்துவிடும் என்பதால், இரண்டு விர்ச்சுவல் சர்வர்களை உண்டாக்கி, வருகிறவர்களை இங்கொருவர் அங்கொருவராக அனுப்பிவைக்க முன்னால் ஒரு லோடு பேலன்சரை நிறுத்தி, அது அவ்வப்போது "இருக்கிறாயா?" என்று கேட்கவும் சர்வர்கள் "இருக்கிறேன்" என்று சொல்லவும் ஏற்பாடு செய்து, அதைப் படமாக வண்ணத்தில் அச்சிட்டுப் பொதுக்குழுவில் கைதட்டலும் வாங்கினார். மூன்றும் குடியிருந்தது அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்த ஒரே கம்ப்யூட்டரில். இதை யாரும் கேட்கவில்லை. கேட்பானேன்? படத்தில் பெட்டிகள் தனித்தனியாகத்தானே இருந்தன?

சங்கத்தையும் அப்படியே அமைத்திருந்தார். புக்கிங் கமிட்டி, சமையல் கமிட்டி, புகார் கமிட்டி. ஒவ்வொன்றுக்கும் தனி எண். எந்த எண்ணை அழைத்தாலும் மணி அடிப்பது அவர் மனைவி வளர்மதியின் போனில்.

வளர்மதி நிலக்கரி நிறுவனத்தில் கான்ட்ராக்ட் ஊழியர். பல வருடம் காத்திருந்த, வேலையைப் பர்மனென்ட் ஆக்கும் இன்டர்வியூ, முன்பதிவு தொடங்கும் அதே காலையில் வந்தது. அன்றைக்குத் தவறினால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

தளம் திறந்தது. கம்ப்யூட்டர் சூடேறி நின்றது. ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடும் என்ற ஏற்பாட்டின்படி, இரண்டு சர்வர்களும் சேர்ந்தே நின்றன.

மகள் கல்யாணத்துக்கு மண்டபம் தேடிக்கொண்டிருந்த கம்மாபுரம் பெரியண்ணன் அருண்பிரசாத்தையே அழைத்துவிட்டார்.

"சார், தொறக்கவே மாட்டேங்குது, சுத்திகினே இருக்குதுங்க. தேதி கை விட்டுப் போயிடுங்க."

"புக்கிங் கமிட்டில கேளுங்க."

"கேட்டேங்க. ஒரு அம்மா எடுத்தாங்க."

"அப்ப புகார் கமிட்டி?"

"அங்கயும் அதே அம்மாதாங்க. இன்டர்வியூக்குக் கெளம்பிகினு இருக்கறேன், வையுங்கன்னுட்டாங்க."

அருண்பிரசாத் போனை வைத்தார். நாற்காலியிலிருந்து எழாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வளர்மதி, இருக்கியா?"

"இல்ல," என்று வாசலிலிருந்து பதில் வந்தது. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "மூணு கமிட்டியும் இன்டர்வியூக்குப் போறோம். வர சாயங்காலம் ஆகும்."

"இன்டர்வியூக்கு வேற தேதி தருவாங்களான்னு கேட்டுப் பாரேன்."

"அதை எந்தக் கமிட்டி கேக்கணுங்க?"

போனை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு வளர்மதி போய்விட்டார். அது நாள் முழுவதும் அடித்தது. நேரிலேயே வந்து நின்ற பெரியண்ணனுக்கு, "அங்க கேளுங்க" என்று அருண்பிரசாத் பக்கத்து வீட்டைக் காட்டினார்.

வளர்மதி இப்போது பர்மனென்ட். கமிட்டிகளை ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அந்த மூன்று எண்களும் போய்ச்சேர வேறொரு போனை அருண்பிரசாத் தேடிக்கொண்டிருக்கிறார். அது உங்களுடையதாக இருக்கலாம் என்று நான் பயமுறுத்தவில்லை. எனக்குக் கவலை வேறு. 'அடடா, இது நம் இன்னாரேதான், உடனே அவருக்கு அனுப்பிவிட வேண்டும்' என்று இதைப் படிக்கும்போதே உங்கள் விரல் நகர்ந்திருக்குமே, இதையும் அடுத்தவருக்கே பிரித்துக் கொடுக்கப் போன அந்த விரலைச் சற்று உற்றுப் பாருங்கள்.