துல்லியம் நகர் இணைய இணைப்புத் தேர்வுக் குழு

உலகத்தில் வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கியவர்கள் பல கோடிப் பேர் இருக்கலாம். முறைப்படி அதைத் 'தேர்ந்தெடுக்க' முனைந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். ஆவடிக்கு மேற்கே, ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் துல்லியம் நகரோடு இந்தப் பெருமை முடங்கிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கோப்பு குழுச் செயலாளர் பரந்தாமனிடம் இருப்பதால் நினைவிலிருந்தே எழுதுகிறேன். தேவையைத் தெரிவித்தவர் என் மனைவி சுலோசனா. அவள் இப்போது இல்லை.

எங்கள் நகரில் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள். ராணுவ வண்டிகளின் பாகங்களைச் சோதித்து முத்திரை குத்தும் பிரிவு எங்களுடையது. முப்பத்து நான்கு வருடங்களில் ரகுநாதனாகிய என் முத்திரை இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போனதில்லை. முத்திரையோடும் அதிகம் போனதில்லை.

முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், படி இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு சுலோசனா கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை விளையாடத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு வயது அறுபத்தொன்று. நூறு பேர் ஒரு தீவில் குதித்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வார்கள். கடைசியில் மிஞ்சும் அணிக்கு வெற்றி. அவள் அணியில் நான்கு பேர். குமணன்சாவடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் துலுக்கானம், கரையான்சாவடியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மதிவதனி, அவள் தம்பி கௌதம், இவர்களோடு என் மனைவி. அணியின் பெயர் 'சாவடி ஸ்குவாட்'. தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் பொறுப்பு சுலோசனாவுடையது. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் குரல் உயர்த்தாதவள், "துலுக்கானம், கூரை மேல ஒருத்தன். நீ குனி, நான் முடிக்கிறேன்" என்பாள். முடிப்பாள்.

"அக்கா, நீ இன்னா மனுசியா மிலிட்டிரியா?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

ஒரே ஒரு இடைஞ்சல். இரண்டு வருடம் முன்பு, தெருவில் தாழத் தொங்கிய இணையக் கம்பிகளில் ஒரு தண்ணீர் லாரி மாட்டிக்கொண்டது. குடியிருப்போர் சங்கம் கூடி எல்லாக் கம்பிகளையும் அறுத்தது. 'தகுதியான இணைப்பைக் குழு தேர்ந்தெடுக்கும் வரை யாரும் தனியாகக் கம்பி இழுக்கக் கூடாது' என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் சங்கத் தலைவனாகிய நான். குழு அமைக்கத்தான் மறந்துவிட்டோம். அதனால் சுலோசனா கைப்பேசி சிக்னலை வைத்தே சமாளித்தாள். எங்கள் வீட்டுச் சுவரோ நான் பக்கத்தில் நின்று கட்டியது. சிக்னலையும் சோதித்துத்தான் உள்ளே விட்டது.

வைகாசியில் ஒரு காலை அவள் கேட்டாள்.

"ஏங்க, ஒரு ஃபைபர் லைன் போட்டுக்கலாமா?"

"எதுக்கு? போன்ல படமெல்லாம் ஓடுதே."

"படம் ஓடும்ங்க. நான் சுடற குண்டுதான் போய்ச் சேர மாட்டேங்குது. பிங் முந்நூறு காட்டுது. என் குண்டு அங்க போறதுக்குள்ள அவன் என்னைச் சுட்டு, என் பையையும் எடுத்துக்கிட்டுப் போயிடறான்."

"பிங்னா?"

"நாம அனுப்பினது அங்க போய்ப் பதில் வர்ற நேரம். ஆயிரத்துல ஒரு பங்கு நொடின்னு கணக்கு. நாப்பதுக்குள்ள இருந்தாப் போதும். பெரிய வேகம்லாம் வேண்டாம், ஏறி இறங்காம நிலையா இருக்கணும். தை மாசம் மாநில அளவுல ஒரு போட்டி வருது. நடுவுல லைன் போச்சுன்னா நாலு பேரும் அவுட். ஒரு ஆட்டமாவது கடைசி வரைக்கும் நின்னு ஆடிடணுங்க."

இவ்வளவு தெளிவான தேவைக் குறிப்பை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. ஆகவே அதைக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பினேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் நான். பண்டகசாலையில் இருந்த பரந்தாமன் செயலாளர். கோயம்புத்தூர்க்காரரான சின்னசாமி தொழில்நுட்ப உறுப்பினர். எங்கள் வீட்டுக் கூடத்திலேயே கூடினோம். முதல் கூட்டம் முழுவதும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி நடந்தது.

"நோக்கம்ங்கிற கட்டத்துல 'விளையாட்டு'ன்னு போட்டா ஆடிட்ல கேப்பான் ரகு" என்றார் பரந்தாமன்.

காபி கொண்டுவந்த சுலோசனா நின்றாள். "எந்த ஆடிட்ண்ணே?"

"கேக்க மாட்டான்னு எழுதிக் குடுக்க முடியுமாம்மா உன்னால?"

அவளால் முடியவில்லை. நோக்கம் 'தொலைதூரக் குறிபார்ப்புப் பயிற்சி' என்று திருத்தப்பட்டு, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆவணியில் அம்பத்தூரிலிருந்து ஓர் இணைப்பு நிறுவனத்தின் ஆள் வந்தார். பெயர் தமிழ்வாணன். பையில் எல்லாச் சாமானும் இருந்தது. "ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுத்துட்டுப் போயிடறேன் சார்" என்றார். குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையில் ஆய்வுக்கு எங்கே இடம்? ஒரு மீட்டர் ஃபைபர் கம்பியை மாதிரிக்கு வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைத்தோம். கம்பியைப் பத்து நாள் உப்புநீரில் ஊறவைத்தோம். மொட்டைமாடி வெயிலில் காயவைத்தோம். பிறகு தமிழ்வாணனை வரவழைத்து, அவர் முன்னிலையில் சின்னசாமி சுத்தியலால் அடித்தார்.

"சார், சார், உள்ள கண்ணாடி இழை சார் அது. வீட்டுக்குள்ள வர்ற வயர்."

"மேல டாங்கி ஏறினா தாங்குங்களா?" என்றார் சின்னசாமி.

"எந்த டாங்கி சார்?"

"ஆவடியில நின்னுக்கிட்டு இந்தக் கேள்வி கேக்கறீங்களே தம்பி."

மாதிரி நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்புக்கான சிவப்பு அட்டையைத் துண்டுக் கம்பியில் கட்டித் தமிழ்வாணனிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினோம். அடுத்த மாதம் வேறு கம்பியோடு வருமாறு சொன்னோம். அவர் வாசலில் செருப்பு மாட்டும்போது சுலோசனா ஜன்னல் வழியாகக் கேட்டாள். "தம்பி, உங்க லைன்ல பிங் எவ்வளவு வரும்?"

"பதினஞ்சு, இருபதும்மா."

"ஏறி இறங்குமா?"

"மோடத்துலேர்ந்து வயர் போட்டு ஆடினீங்கன்னா அசையாதும்மா."

அன்று மாலை அவள் கேசரி கிளறினாள். காரணம் கேட்டதற்கு, சும்மா என்றாள்.

கார்த்திகையில் அளவீட்டுப் பிரச்சினை வந்தது. சோதனைக்காகத் தெருமுனைக் கம்பத்திலிருந்து தற்காலிகமாக ஒரு கம்பி இழுத்து, பிங் பதினொன்று என்று தமிழ்வாணன் தன் கைப்பேசியில் அளந்து காட்டினார். சின்னசாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் போனுக்கு அளவுத்திருத்தச் சான்று இருக்குதுங்களா?"

இல்லை. சான்றில்லாத கருவியின் அளவை நாங்கள் ஏற்பதெப்படி? சின்னசாமியிடம் சான்றுள்ள நிறுத்து கடிகாரம் ஒன்று இருந்தது. சான்று காலாவதியாகியிருந்ததால் புதுப்பிக்கக் கொடுத்தோம். அது ஏழு வாரத்தில் திரும்பி வந்தது. தைப் பொங்கலுக்கு மறுநாள் நேரடிச் சோதனை நடந்தது. மறுபடியும் இழுத்த தற்காலிகக் கம்பியில், தமிழ்வாணனின் கைப்பேசியில் சுலோசனா சுட வேண்டும். "போயிருச்சுங்க" என்று சொல்லிச் சின்னசாமி கடிகாரத்தை ஓடவிட வேண்டும். எதிரி விழுந்ததும் நான் "விழுந்தான்" என்று சொல்ல, அவர் நிறுத்த வேண்டும். பரந்தாமன் எழுதிக்கொள்வார்.

மூன்று முறை செய்து சராசரி எடுத்தோம். மூன்றாம் முறை, சின்னசாமி "போயிருச்சுங்க" என்று சொல்வதற்கு முன்பே நான் "விழுந்தான்" என்று சொல்லிவிட்டேன். ஆகவே இணைப்பின் பிங் சுழியத்துக்கும் கீழே போனது.

"கேள்வி போறதுக்கு முன்னாடியே பதில் வருது. அப்ப இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு" என்றார் பரந்தாமன்.

தமிழ்வாணன் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, கம்பியையும் சுருட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஆவணங்கள் முழுமையாக இல்லை என்று குழு பதிவு செய்தது.

தைப் போட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சுலோசனா ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைப்பேசியை வெளிச்சுவர் பக்கமாகப் பிடித்து ஆடினாள். இரண்டு ஆட்டம் தாண்டிவிட்டார்கள். மூன்றாவதில், ஒரு கூரைமேல் துப்பாக்கியை நீட்டியபடி அவள் உருவம் அப்படியே நின்றது. திரையின் நடுவே வட்டம் சுற்றியது. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

"அக்கா, இன்னாக்கா அப்டியே நின்னுகினு கீற? சுடுக்கா. அக்கா, பின்னால வரான்."

அவள் விரல் வலிக்க வலிக்க அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் அவரைக்காய் நறுக்கினாள்.

"குழு எப்பங்க கூடுது?"

"வர்ற ஞாயிறு."

"அடுத்த போட்டி ஆவணியிலயாம். அதுக்குள்ள ஆயிடும் இல்ல?"

"தாராளமா."

குழு கூடியது. ஒத்திவைத்தது. மறுபடி கூடியது. மின்வெட்டின்போது இணைப்பு என்னாகும் என்பதற்கு ஒரு துணைக்குழு அமைத்தது. அதிலும் நாங்கள் மூவரே இருந்தோம். ஆகவே முதன்மைக் குழுவுக்கும் துணைக்குழுவுக்கும் கருத்து வேறுபாடு முற்றி, இரண்டு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை சுலோசனாவுக்கு நெஞ்சு வலித்தது. சனிக்கிழமை காலை போய்விட்டாள். அதற்குக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் அணி வந்திருந்தது. அவர்களை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மதிவதனி சுலோசனாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கௌதம் அவள் பின்னால் நின்றான். துலுக்கானம் மட்டும் என்னிடம் வந்தார். நகக்கண்ணில் டயர் கறுப்பு இருந்தது.

"சார், எங்க ஊட்டாண்ட லைன் கீது சார். மத்தியானம் போன் பண்ணேன், சாயங்காலம் ஆடிக்கினு இருந்தேன். நம்ம கடைல வந்து ஒக்காந்து ஆடுக்கா, ஆட்டோ வெச்சு இட்டாரேன்னு எத்தினி தபா கூப்ட்டேன். வரல சார். எங்க ஊட்டுக்காரர் நல்லதா பாத்துகினு கீறாரு, வந்துடும்னு சொல்ட்ச்சு." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "நல்லதாதான் பாத்துகினு இருந்தீங்களா சார்?"

ஆமாம் என்றேன். ஆய்வில் இருக்கிறது என்றும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு குழு கூடியது. இரங்கல் தீர்மானம் ஒரே வாசிப்பில் நிறைவேறியது. யாரும் மாதிரி கேட்கவில்லை. பிறகு பரந்தாமன் இணைய இணைப்புக் கோப்பை என் பக்கம் நகர்த்தி, தோளில் கை வைத்தார். என்மேல் உண்மையான பிரியம் உள்ள மனிதர் அவர்.

"ஒரு வகையில நல்லவேளை ரகு. நாம அவசரப்பட்டு வாங்கலை. வாங்கியிருந்தா இப்ப அனாவசியமா சுவத்துல தொங்கிக்கிட்டிருக்கும்."

"முன்யோசனைங்க" என்றார் சின்னசாமி.

எங்கள் முன்யோசனையைப் பாராட்டி ஒரு தீர்மானம் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். கோப்பை முடித்துவைக்கத் தலைவரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கடைசிப் பக்கத்தில், 'கொள்முதல் நடைபெறாததற்குக் காரணம்' என்ற கட்டத்தில், பரந்தாமன் தன் அழகான கையெழுத்தில் 'பயனாளர் இல்லை' என்று எழுதியிருந்தார்.

ஆவணத்தில் பிழை இருந்தால் கையெழுத்திட எனக்கு அதிகாரம் கிடையாது. அதை ஒரே கோட்டால் அடித்தேன். மேலே, 'பயனாளர் பதினான்கு மாதம் இருந்தார்' என்று எழுதினேன். விதிப்படி திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டேன்.