ஆறாவது மாடியில் அக்கரை மொழி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு செய்த மகத்தான காரியம், எங்கள் குடிநீர் வாரியத்தின் 'இருமொழிச் சேவைக் கொள்கை' என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிலர் சக்கரத்தைச் சொல்வார்கள். சக்கரம் தானாக உருளும், அவ்வளவுதான். எங்கள் கொள்கை ஆட்களையே உருட்டும்.

எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் வேறு மொழி. அதை நாங்கள் அக்கரை மொழி என்போம். வேலைக்கும் வியாபாரத்துக்கும் அங்கிருந்து வந்து இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் ஊரில் பாதிப் பேர். அவர்கள் குழாயில் தண்ணீர் வராவிட்டால் எங்கள் கிளை அலுவலகத்துக்கு வருவார்கள். கவுண்ட்டரில் உட்காரும் ரசீது அண்ணன் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் எழுந்து போய் அவர்கள் மொழியில் பேசுவேன். கொள்கை வருவதற்கு முன்னால் இதற்கு 'பேச்சு' என்று பெயர். இதற்கு ஒரு பதவி, ஒரு படி, ஒரு சுழல்நாற்காலி எல்லாம் உண்டு என்று எங்கள் அறியாமையில் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நான் அந்த மொழியைக் கற்றது பாலத்தடியிலுள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் சோதிக்கப் போனேன். கடைக்காரப் பெண் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னாள். அது அக்கரை எழுத்து. தெரியவில்லை என்றேன். பழுது கண்ணிலா படிப்பிலா என்று கண்டுபிடிக்க நான் தினமும் போக வேண்டியதாயிற்று. காதலுக்கு ஒரு நூறு சொல் போதுமானதாக இருந்தது. மற்ற சொற்களையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு சண்டை போடுவதற்காகக் கற்றேன். அவளுக்கு எங்கள் மொழி நன்றாகவே வரும். ஆனால் சண்டை என்று வந்தால் தன் மொழியை விட்டு இறங்கி வர மாட்டாள்.

இப்படி இருக்கையில்தான் சுற்றறிக்கை வந்தது. 'இரு மொழி அறிந்த ஊழியர்கள் எங்கிருந்தாலும் கண்டறியப்பட்டு, தலைமை அலுவலகத்தில் குவிக்கப்படுவார்கள்.' குவிக்க நான் ஒருவன்தான் அகப்பட்டேன்.

மனைவி கண்ணாடி வில்லையை இயந்திரத்தில் பிடித்து விளிம்பு தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த நகரத்துல எங்க பாஷை யாரு பேசுறாங்க?"

"யாருமில்ல."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"பேசுறதுக்கு."

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். கடையை மூடிவிட்டுக் கூட வர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவளை நம்பி ஊரில் பாதிக் கண்கள் இருக்கின்றன.

"ஒரு வருஷம்," என்றாள். "அதுக்கு மேல ஒரு நாள் ஆச்சுன்னா நானே ஆபீசுக்கு வந்து கேப்பேன்."

கேட்கக்கூடியவள்தான். ஒரு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று அவள் தலையில் கை வைக்காத குறையாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

தலைமை அலுவலகத்தின் ஆறாவது மாடியில் எனக்குத் தனி அறை. தரை விரிப்பு, குளிர்சாதனம், எந்தப் பக்கமும் சுழலும் நாற்காலி. கதவில் 'இருமொழி அலுவலர்' என்று இரண்டு மொழியிலும் பலகை. அக்கரை மொழிப் பலகையைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

வேலை இதுதான்: எங்கள் ஊர்க் கவுண்ட்டருக்கு ஒரு அக்கரைக்காரர் வருவார். ரசீது அண்ணன் எனக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியைத் திறந்து வைப்பார். வந்தவர் "குழாயில காத்துதான் வருது" என்பார். நான் அதை எங்கள் மொழியில் அண்ணனுக்குச் சொல்வேன். அண்ணன் "எந்தத் தெரு?" என்பார். அதை அக்கரை மொழியில் திருப்பிச் சொல்வேன். முன்பு மேசையைச் சுற்றிக்கொண்டு நாலு எட்டு நடந்த பேச்சு, இப்போது ஒரு ராத்திரி ரயில் தூரம் போய் வந்தது. இதற்கு 'சேவை விரிவாக்கம்' என்று பெயர் வைத்தோம். இத்தனை காலம் கவுண்ட்டரில் இருந்ததில் அண்ணனுக்கே "காத்து", "தண்ணி", "தெரு" எல்லாம் புரியும். ஆனால் சான்றிதழ் இல்லாமல் புரிந்துகொள்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். அதனால் அவர் புரியாத முகத்தோடு காத்திருப்பார். நாணயமான ஊழியர்.

வருஷம் முடிய இருந்தபோது துணை இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். கொள்கையை எழுதியவர் அவர். ஒன்றேகால் மொழி தெரிந்தவர்.

"சார், என்னை ஊருக்கே மாத்திக் குடுங்க. அந்த மொழி பேசுறவங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க."

"அதனாலதான் தர முடியாது. அவங்கதான் அங்க நிறைய இருக்காங்களே? நீங்க வேற எதுக்கு? இங்க பாருங்க, ஒருத்தர்கூட இல்ல. பற்றாக்குறை இருக்கிற இடத்துலதான் ஆள் போடணும்."

இந்த வாதத்தின் அழகை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு, "வேற வழியே இல்லையா சார்?" என்றேன்.

"ஒண்ணு இருக்கு. வருஷாந்தர மொழித் தேர்வுல நீங்க தோத்துட்டா, ஒரு மொழிக்காரர் ஆயிடுவீங்க. ஒரு மொழிக்காரருக்கு இங்க இடமில்ல. மறுநாளே ஊருக்கு அனுப்பிடுவோம். பழைய நாற்காலி, பழைய சம்பளம்."

"தேர்வு யார் நடத்துவாங்க?"

"அந்த மொழி தெரிஞ்ச அலுவலர்தான்."

"அது நான்தானே சார்?"

அவர் யோசித்தார். "தேர்வாளர் உறவுக்காரரா இருக்கக் கூடாதுன்னு விதி. நீங்க உங்களுக்கு என்ன உறவு?"

"உறவுன்னு சொல்ல முடியாது சார்."

"அப்ப சரி."

அன்று மாலை மனைவிக்குப் போன் செய்து, "கிளம்பிட்ட மாதிரிதான். தோத்தா போதும். மார்க் போடுறதும் நான்தான்," என்றேன். அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

தேர்வு துணை இயக்குநரின் முன்னிலையில் நடந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. கேள்வி கேட்கும்போது இங்கேயும், பதில் சொல்லும்போது அங்கேயும் உட்கார வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முறைகேட்டுக்கு இடமிருக்கக் கூடாதல்லவா?

முதல் கேள்வியை எளிதாகத்தான் கேட்டேன். எழுந்து அந்தப் பக்கம் போய், தப்பான பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் தேர்வாளரின் காலி நாற்காலி என் கண்ணில் பட்டது. சுழல்நாற்காலி. தோல் உறை. பின்னால் கண்ணாடி ஜன்னல், அதன் கீழே மொத்த நகரமும். ஊரில் என் பழைய நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், மடித்த அட்டையை அண்டக் கொடுத்திருப்போம். நான் சரியான பதிலைச் சொன்னேன். அடுத்ததற்கும் சொன்னேன். நடுவில் ஒரு வினைச்சொல்லில் திணறியபோது தேர்வாளர் தாராளமாக ஒரு குறிப்புகூடக் கொடுத்தார். ஒரு நேர்மையான தேர்வாளனாக, திறமைசாலி ஒருவனை வேண்டுமென்றே தோற்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. தொண்ணூற்றிரண்டு போட்டேன். எட்டு மார்க்கைக் குறைத்தது அடக்கத்துக்காக.

"கண்டிப்பான தேர்வாளர்!" என்று துணை இயக்குநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சுற்றி வந்து, "வாழ்த்துகள்!" என்று இன்னொரு முறையும் குலுக்கினார்.

மனைவியிடம் மார்க்கைச் சொன்னேன். "நூத்துக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பிறகு நான் போட்ட போன்களை அவள் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அலுவலகப் போன் அடித்தது. ரசீது அண்ணன்தான். "சார், வாடிக்கையாளர் ஒருத்தங்க வந்திருக்காங்க. அக்கரை பாஷைதான் பேசுவாங்களாம்." குரல் ஏனோ தயங்கியது.

நான் வழக்கமான பாட்டைத் தொடங்கினேன். "வணக்கம் அம்மா. இருமொழிச் சேவை. உங்க குறை என்ன?"

"வணக்கம் ஐயா," என்றது மறுமுனை. "எங்க வீட்டு இணைப்பு போயிடுச்சு."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆனால் எல்லா அழைப்புகளும் பதிவாகின்றன. துணை இயக்குநர் ஓய்வு நேரத்தில் போட்டுக் கேட்பார். வாடிக்கையாளரை 'அம்மா' என்றுதான் அழைக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் தன் சொல்லாக ஒன்றும் சேர்க்கக் கூடாது. இவை சேவையின் ஆதார விதிகள்.

"இவங்க வீட்டு இணைப்பு போயிடுச்சாம், அண்ணே."

என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அண்ணன் தொண்டையைச் செருமினார். "எப்படிப் போச்சுன்னு கேளுங்க."

கேட்டேன்.

"உங்க ஆபீஸ்தான் கழட்டி எடுத்துட்டுப் போச்சு. தண்ணியே தேவையில்லாத ஊருல கொண்டுபோய் மாட்டி வச்சிருக்கு. திரும்பி வர ஒரு வழி இருந்துச்சாம், அதுல தோத்தா போதுமாம். தோக்கல. தொண்ணூத்திரண்டு. அதுக்குத் திரும்பி வர இஷ்டமா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, இந்த அம்மா போயிடறேன்."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். என் குரல் நடுங்கியதைத் தவிர சொந்தமாக எதையும் சேர்க்கவில்லை.

அண்ணன் ரசீதுப் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. "இதுக்கு நான் என்ன சார் சொல்றது? கேள்வி உங்களுக்குத்தானே."

"விதிப்படி நான் பதில் சொல்லக் கூடாது, அண்ணே."

"அப்ப இப்ப நீங்க சொன்னதையும் அவங்களுக்கு அவங்க பாஷையில சொல்லணுமே சார்?"

விதிப்படி சொல்லத்தான் வேண்டும். "விதிப்படி நான் பதில் சொல்லக் கூடாது, அம்மா," என்றேன், அவள் எனக்குக் கற்றுக்கொடுத்த மொழியில், ஒரு பிழையும் இல்லாமல்.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசினாள். சண்டையில் முதல்முறையாகத் தன் மொழியை விட்டு இறங்கி, எங்கள் மொழியில், ரசீது அண்ணனுக்கும் பதிவு இயந்திரத்துக்கும் தெளிவாகப் புரியும்படி பேசினாள்.

"அண்ணே, இந்த ஆளுக்கு ரெண்டு பாஷை தெரியும்னு எவன் சர்டிபிகேட் குடுத்தது?"

போன் வைக்கப்பட்டது. எதிர்ச் சுவரில் என் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதன் அடியில் தேர்வாளரின் கையெழுத்து இரண்டு மொழியிலும் இருக்கிறது. இரண்டும் என்னுடையவை.