உயிரோடு இருந்த பெரியப்பாவுக்கு மௌன அஞ்சலி

கம்ப்யூட்டர் படித்தவன் வைரஸுக்குப் பயப்படலாம், கரண்ட் கட்டுக்குப் பயப்படலாம். சொந்த அத்தைக்கும் பயப்பட வேண்டும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சம். பெங்களூரு மியூசியம் ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. அங்கே தங்கச் சுரங்கத்துக்கென்று ஓர் அறை இருந்தது. அதில் பாறைகள் இருந்தன, மீசை வைத்த வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்தார்கள். இறங்கித் தோண்டிய எங்கள் கே.ஜி.எஃப். தமிழர்களில் ஒருவர் முகம்கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. தொட்டால் தொழிலாளர்களே பேசும் கம்ப்யூட்டர் திரை ஒன்றை வைக்கலாம் என்று மியூசியம் டைரக்டர் அம்மாவை நச்சரித்தேன் (கழுத்தில் டை, தலையில் கனம்).

"திறப்பு விழால ஒழுங்கா ஓடினா இருக்கட்டும். மானம் போச்சுன்னா அன்னைக்கே கழட்டிடுவேன்" என்றார்.

திரையில் முதலில் நிற்பது என் பெரியப்பா சாமிக்கண்ணுவின் முகம். தொட்டால் அவர் குரல் வரும், கீழே கன்னட எழுத்து ஓடும்.

விழாவுக்கு அவரும் என் அத்தையும் காலை ரயிலில் வந்தார்கள். சிறப்பு விருந்தினரை வரவேற்க நான் வாசலுக்குப் போன நேரத்தில் அத்தை கைவரிசையைக் காட்டிவிட்டாள். சுரங்கத்தில் பூஜை போடாமல் எந்தப் புது மிஷினும் ஓடியதில்லை. இதுவும் மிஷின்தானே? சிவாஜிநகரில் வாங்கிய மாலையைத் திரைக்குப் போட்டு, நட்டநடுவில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, ஊதுபத்தியும் ஏற்றிவிட்டாள். நட்டநடு என்பது பெரியப்பாவின் நெற்றி.

விருந்தினர் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடி மௌன அஞ்சலியில் நின்றுவிட்டார். கூட்டமும் நின்றது. சந்தனத்தை விரல் என்று நம்பிய திரை மட்டும் நிறுத்தவில்லை: "என் பேரு சாமிக்கண்ணு. பாதி ஆயுசு பூமிக்கடியிலதான் இருந்தேன்... என் பேரு சாமிக்கண்ணு..."

டைரக்டர் என்னைப் பார்த்த பார்வையில் டை தானாக இறுகியது. இரண்டாவது வரிசையில் பெரியப்பாவும் தலை குனிந்து நின்றிருந்தார்.

"நீங்க ஏன் பெரியப்பா நிக்கிறீங்க?"

"பெரிய மனுசங்க நிக்கறப்ப நாம எப்படிடா உக்கார்றது?"

அதற்குள் ஊதுபத்திப் புகை அவர் நெஞ்சுக்குள் போய்விட்டது. இருமினார். விருந்தினர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"நானேதான் சார். நானு இன்னூ பதுக்கித்தீனி!" என்றார் பெரியப்பா கன்னடத்தில் (இன்னும் உயிரோடதான் இருக்கேன்).

செத்தோம் என்று நினைத்தேன். விருந்தினரோ விழுந்து விழுந்து சிரித்தார். கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு முகமாகத் தொட்டு எல்லோர் பேச்சையும் கடைசிவரை கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கழட்ட வேணாம்ப்பா" என்றார் டைரக்டர். கூடவே பெரியப்பா படத்தின் கீழே ஒரு வரியும் சேர்க்கச் சொன்னார்: 'இவர் நலமாக இருக்கிறார்.'

இன்றைக்கும் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவதில்லை. எனக்குத்தான் ஃபோன் போடுகிறார்.

"டேய், மியூசியத்துல என்னப் பத்தி என்ன போட்டிருக்குன்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்து சொல்லு."