ஜூரி அறையில் நான் இறக்கிய கை

அன்புத் தங்கை வெர்னாவுக்கு, அண்ணன் எல்வுட் எழுதுவது. நெப்ராஸ்காவில் நானும் நாயும் சுகம். அங்கே நீயும் உன் முழங்காலும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

ஜூரியாகப் போனேனே, அந்த மானக்கேட்டைக் கேள். லாரி ஓட்டும் கர்ட்டும், அவனோடு குடித்தனம் நடத்தும் லைல் என்பவனும் மதுக்கடையில் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். இரண்டு பேர் துரத்திவந்து லைலைக் கீழே தள்ளி மிதிக்க, கர்ட் இரும்புக் கம்பியால் ஒருவன் தாடையைப் பெயர்த்துவிட்டான். லைலைக் காப்பாற்ற அடித்தானா, வெறியில் அடித்தானா என்பதுதான் வழக்கு. "இப்படிப்பட்டவர்கள் மேல் வெறுப்பு உள்ளவர்கள் கை தூக்குங்கள்" என்றார் நீதிபதி. ஊரே பார்க்கும்போது எவன் தூக்குவான்? பன்னிரண்டு பேரும் உத்தமர்கள் என்று முடிவாகிவிட்டது.

ஜூரி அறைக் கதவைச் சாத்தியதும், எங்களில் ஒருத்தியான பாதிரியார் மனைவி, "எனக்கு யார் மேலயும் வெறுப்பில்லப்பா. ஆனா ரெண்டு ஆம்பளைங்க கட்டிப்பிடிச்சு ஆடினா நாலு பேரு அடிக்கத்தானே வருவாங்க?" என்றாள். லைலின் உடைந்த விலா எலும்பைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. "குற்றவாளிதான். யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்றான் ஜூரித் தலைவன், என் பக்கத்து வீட்டு ஹார்லன். நான் கை தூக்கினேன். "ஏண்டா எல்வுட், அவனுக்காக இப்படி உருகுற? நீயும்தான் கடைசிவரைக்கும் கல்யாணமே பண்ணிக்கல!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெர்னா. சிரித்துக்கொண்டே கையை இறக்கிவிட்டேன்.

அதோடு வேலை முடிந்தது. ஆனால் கோர்ட் செலவில் சாப்பாடு வருகிறதே, விடுவானேன் என்று உட்கார்ந்து, கோழி சான்ட்விச்சும் ஆப்பிள் கேக்கும் தின்றுவிட்டுத்தான் வெளியே வந்தோம். இவ்வளவு நேரம் யோசித்திருக்கிறார்களே என்று லைல் எங்களைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தான். தீர்ப்பை வாசித்தபோது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அன்றிலிருந்து தூக்கமில்லை.

ஜூரி அறையில் என்ன பேசினார்கள் என்று கேட்க கர்ட்டின் வக்கீலம்மா இன்று வருகிறாள். ஒருவர் உண்மை சொன்னால்கூட மறு விசாரணை கேட்டுப் பார்ப்பாளாம். சொல்லத்தான் போகிறேன். ஹார்லனாவது மண்ணாவது!

மைத்துனருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

உன் அண்ணன்,
எல்வுட்

பின்குறிப்பு: வக்கீலம்மா வந்துபோனாள். அவள் வந்த நேரம் பார்த்து ஹார்லன் என்னோடு சீட்டாடிக்கொண்டிருந்தான். "அப்படி எதுவும் பேசலைங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் நன்றி சொல்லிப் போனாள். ஆட்டத்தில் நான்தான் ஜெயித்தேன்.