பேராசிரியரின் அணுகா முறை

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவலுக்கு லண்டனில் கிடைக்காத விமோசனம் பாளையங்கோட்டையில் கிடைத்தது. அருளியவர் முனைவர் பாக்கியசீலன், ஒரு கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைவர். ஹென்றியெட்டா பிளம்ஸ்டெட் என்ற நாவலாசிரியையை அவர் ‘சூழலியல் நோக்கில்’, ‘உணவியல் நோக்கில்’, ‘கணினி நோக்கில்’ என்று எல்லா நோக்கிலும் நோக்கினார். புத்தகத்தை மட்டும் நோக்கவில்லை. படித்தால் பார்வை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கோட்பாடு. ‘மழை’ என்ற சொல்லைக் கணினியை விட்டு எண்ணவைத்து, அந்த அம்மாள் பருவநிலை மாற்றத்தை அன்றே கண்டித்தவள் என்று அவர் நிறுவியதற்கு ஆழ்வார்குறிச்சியில் பாராட்டு விழாவே நடந்தது.

அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த கிறிஸ்டி ஒரு பெருங்குற்றம் செய்தாள். ஹென்றியெட்டாவின் நாவல்களைப் படித்துவிட்டாள்.

“ஏம்மா, உன்னைப் படிக்கச் சொன்னது யாரு?”

“எனக்கே தோணுச்சு சார்.”

“தோணுததையெல்லாம் செஞ்சா ஆய்வு எப்படி உருப்படும்?”

கிறிஸ்டி அதோடு நிற்கவில்லை. ஹென்றியெட்டாவின் அண்ணன் எட்வின் பெயரில் வெளிவந்து அவனுக்குப் புகழ் சேர்த்த நாவல், உண்மையில் தங்கை எழுதியது என்று நடையை வரிவரியாக ஒப்பிட்டு நிறுவினாள். அந்த அத்தியாயத்தை முடித்த அன்று, மேலப்பாளையத்துத் தோழி மும்தாஜ் பேகத்திடம் சொல்லி அழுதாள். செத்துப்போன வெள்ளைக்காரிக்காக அழுவது எந்தக் கோட்பாட்டிலும் சேராது என்பதால் ஆய்வேட்டில் அதைக் குறிப்பிடவில்லை.

‘அணுகுமுறை போதாது’ என்று பேராசிரியர் அந்த அத்தியாயத்தை நீக்கச் சொன்னார். மாணவியின் சுமையைத் தம் தோளில் ஏற்றிக்கொள்ளும் ஆசிரியர்கள் இன்று எத்தனை பேர்? நீக்கிய அத்தியாயத்தை அவரே சுமந்துகொண்டு பன்னாட்டுக் கருத்தரங்க மேடை ஏறினார். தலைப்பு: ‘களவுபோன பெண்குரல்’.

முதல் பத்தியிலேயே கிறிஸ்டிக்குத் தன் வாக்கியங்கள் காதில் விழுந்தன.

“எந்திச்சுக் கேளுட்டி,” என்றாள் பக்கத்திலிருந்த மும்தாஜ்.

“பட்டம் அவரு கையிலல்லா இருக்கு.”

“எழுதியவள் ஒருத்தி, மாலை வாங்கியவன் இன்னொருவன். இதை எந்த நாகரிகம் பொறுக்கும்?” என்று மேடையில் பேராசிரியர் தழுதழுத்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் கிறிஸ்டி உட்காரவில்லை.

“ஒரு சந்தேகம் சார். அந்த அண்ணன் தங்கச்சிக்கு ஒரு நன்றியாவது போட்டிருந்தானா?”

பேராசிரியர் தாள்களைப் புரட்டிக் கண்டுபிடித்தார். “போட்டிருக்கான்மா. ‘படியெடுத்து உதவிய தங்கைக்கு’ன்னு. எவ்வளவு கல்நெஞ்சு பாரு.”

“உங்க கட்டுரையில, சார்?”

பேராசிரியர் புரட்டுவதை நிறுத்தினார். கையில் பிரதி வைத்திருந்த அரங்கம் புரட்டத் தொடங்கியது. கடைசிப் பக்கத்தின் அடியில் ‘தட்டச்சு உதவி: செல்வி கிறிஸ்டி’ என்றிருந்தது.

பேராசிரியரின் புலமை அன்றுதான் ஊருக்கு முழுதாக விளங்கியது. ஹென்றியெட்டாவில் ஒரு பக்கமும் படிக்காதவர், அவள் அண்ணனைக் கரைத்துக் குடித்திருந்தார்.