பாவாயி பாடவே இல்லை

சினிமாத் திரையோடு வாய்ச்சண்டை போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவரும் என் தலையில்தான் வந்து விடிந்தார். எங்கள் டூரிங் கொட்டகையில் அவருக்கு ‘அப்பிடியில்லீங்க’ என்றுதான் பெயர். வாயைத் திறந்தால் முதலில் அந்த வார்த்தைதான் வரும்.

அப்போது நான் அந்தக் கொட்டகையின் ஆபரேட்டர். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினோம். இருந்தது ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டி, மறுபடி விளக்கை அணைக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் சோடாவும் முறுக்கும் விற்கும். ஜனங்கள் என்னைத் திட்டுவதும் அந்த இடைவெளியில்தான்.

திருச்செங்கோட்டில் ஒரு புதுப்படம் போட்டோம். முதல் ரீல் முடிந்து விளக்கு எரிந்ததும் பெஞ்சு டிக்கெட்டில் இருந்து ஒருவர் எழுந்தார். மூக்குக் கண்ணாடி, தோளில் துண்டு, ஐம்பதை நெருங்கும் வயது. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அப்பிடியில்லீங்க. அந்தப் பொண்ணு பேரு புஷ்பவல்லி இல்லீங்க, பாவாயி. அவளுக்குப் பாடவே தெரியாதுங்க.”

யாரோ ஒருவன் கடலைத் தோலை வீசினான். அவர் துண்டால் தட்டிவிட்டுக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, நீங்க யாருங்க?” என்று மணலில் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்.

“இந்தக் கதைய எழுதுனவனுங்க.”

“அப்பறம் ஏனுங்க இப்பிடி எழுதுனீங்க?”

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததில் ரீலைத் தலைகீழாக மாட்டித் தொலைத்தேன்.

அவர் சொன்னது உண்மைதான். அவர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். ஒரே ஒரு நாவல் எழுதியிருந்தார். நான் படித்திருக்கிறேன். கதாநாயகி அழுகிற இடத்தில்கூட, கிழக்கே வேலி, மேற்கே வாய்க்கால் என்று நான்கெல்லை எழுதியிருப்பார். ஆனால் கதை நெஞ்சைப் பிடிக்கும். தறிக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்ட பாவாயி அடி பொறுக்க முடியாமல் ஒரு விடியற்காலையில் கிளம்பி, பரிசல் ஏறி, காவிரியைத் தாண்டி, எதிர்க்கரையில் தனியாக இறங்குகிறாள். அவளைத் தேடி ஒருவரும் போகவில்லை. அவ்வளவுதான் கதை.

இதை ஒரு மெட்ராஸ் கம்பெனி வாங்கியது. வாங்கி என்ன செய்தார்கள் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. கிழிசலுக்கு ஒட்டுப்போட்ட சேலை பட்டுச்சேலை ஆனது. தறி போய் வீணை வந்தது. பாவாயி கிணற்றைப் பார்த்துப் பாடினாள், காக்காயைப் பார்த்துப் பாடினாள், புருஷன் கழற்றி வைத்த தலைப்பாகையைப் பார்த்தும் பாடினாள். பரிசலுக்குப் பதிலாக அன்னப்பறவை மூக்கு வைத்த படகு. கடைசி ரீலில் புருஷன்காரன் அந்தப் படகின் பின்னால் மூச்சு வாங்காமல் பாடிக்கொண்டே நீந்துகிறான். படகு ஓட்டுகிறவர் வேறு யாருமில்லை, சாட்சாத் முருகக் கடவுள். புருஷன் கரையில் அவள் காலில் விழுகிறான். சுபம். காவிரியைக் கண்ணால் பார்க்காத பயல்கள்.

மறுநாளும் அவர் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒவ்வொரு ரீலுக்கும் எழுந்து, இப்போது காட்டியதில் எது பொய், நிஜத்தில் என்ன நடந்தது என்று சொன்னார். நாலு நாளில் ஜனங்கள் அவரைக் கேட்பதற்காகவே வர ஆரம்பித்தார்கள். விளக்கு எரிந்ததும், “எந்திரிங்க சாமி, இது எப்பிடி?” என்பார்கள். ஒரு பெரியவர் மட்டும், மத்தது எப்படியோ, பாட்டெல்லாம் பிரமாதமாக எழுதியிருக்கிறீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. அன்றைக்கு அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஓசியில் ஒரு பபூன் கிடைத்தான் என்று எங்கள் முதலாளி அவரிடம் டிக்கெட் கேட்பதை நிறுத்தினார்.

கடைசி ரீலை மட்டும் அவர் பார்த்ததே இல்லை. அதற்கு முந்தின இடைவெளியில், “அவ தனியாத்தான் போனாளுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். அவர் போனபிறகு ஜனங்கள் முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கூட்டம் கலைகிறபோது அவர் எங்கள் கரண்டு எஞ்சின் பக்கத்தில் தனியாக நிற்பார். யாரும் அவரிடம் பேசமாட்டார்கள். வேடிக்கை முடிந்துவிட்டதே.

படம் பள்ளிபாளையத்துக்குப் போனது. அவரும் பத்திரம் எழுதுவதைப் போட்டுவிட்டு எங்கள் பின்னாலேயே வந்தார். எனக்குக் கோபம். பிடிக்காத படத்தை எதற்கய்யா தினமும் வந்து பார்க்கிறீர் என்று எஞ்சினடியில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

“பாவாயி எங்கக்காங்க” என்றார்.

எதிரே ஓடிய காவிரிப் பக்கம் கையை நீட்டினார்.

“இந்தத் துறையிலதான் பரிசல் ஏறுனா. எதிர்க்கரைலதான் எங்கியோ இருக்கறா. எங்கய்யன் போகலீங்க. நானும் போகலீங்க. பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னே இருந்துட்டேன். அப்பறம் போக மூஞ்சியில்ல. அதத்தாங்க எழுதுனேன். இப்ப அவ இங்க படம் பாக்க வந்தாளுன்னா என்னங்க நெனப்பா? யாரோ தேடி வந்தாங்கன்னு தம்பி கூசாம பொய் எழுதியிருக்கறான்னு நெனைக்க மாட்டாளுங்களா?”

மிஷினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டேன்.

பள்ளிபாளையத்தில் கொட்டகை ஆற்றங்கரை ஓரம். எதிர்க்கரையிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே மூங்கில் தட்டி. ஆண்கள் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. பின்னால் மிஷின் ரூமில் நிற்கிற எனக்கு இரண்டும் தெரியும். இங்கே அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. தட்டியைப் பார்த்துப் பேசினார். வேடிக்கையாகவும் பேசவில்லை. ஜனங்களுக்குச் சலித்தது. உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவர் கேட்கவில்லை.

ஒருநாள் கடைசி ரீலுக்கு முந்தின இடைவெளி. “அவ தனியாத்தான் போனா. யாரும் போகலை. அவ தம்பியும் போகலை” என்றார். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“அது எங்களுக்குத் தெரியாதுங்களா? இங்க பாதிப்பேரு அப்பிடி வந்தவங்கதானுங்க. ஒருத்தன் தேடி வாரத இங்கயாச்சும் பாத்துட்டுப் போறோம். உக்காருங்க.”

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். நான் விளக்கை அணைத்தேன். அன்றைக்குத்தான் அவர் கடைசி ரீலைப் பார்த்தார்.

கூட்டம் போனதும் மிஷின் ரூமுக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்கு வயது என்ன இருக்கும், நெற்றியில் தழும்பு இருந்ததா என்று கேட்டார். நான் பார்த்திருந்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, இடுப்பில் கைக்குழந்தை. உள்ளதை முகத்துக்கு நேரே போட்டு உடைப்பவன் என்று எனக்குப் பெயர்.

“ஆபரேட்டர் படத்தப் பாப்பானா, பொம்பளைங்களப் பாப்பானா?” என்றேன்.

சரிதான் என்று தலையாட்டினார். கொஞ்சம் தயங்கி, அந்தக் கடைசி ரீலை மட்டும் மறுபடி ஓட்ட முடியுமா என்று கேட்டார். முதலாளி காதில் விழுந்தால் என் வேலை போகும். ரீலைச் சுற்றி மாட்டினேன்.

அவர் தம்முடைய பெஞ்சுக்குப் போகவில்லை. தட்டியைச் சுற்றிக்கொண்டு போய், பெண்கள் பக்கம் வெறும் மணலில் உட்கார்ந்தார். காலிக் கொட்டகையில் புருஷன்காரன் பாடிக்கொண்டே நீந்தினான். அன்னப்பறவைப் படகு கரை சேர்ந்தது. அவன் காலில் விழுந்தான்.

விளக்கைப் போட்டேன். அவர் திரும்பாமலே, “இன்னொருக்கா போடுங்க” என்றார்.

வேறு எவன் கேட்டிருந்தாலும் உதைத்து வெளியே அனுப்பியிருப்பேன்.